சண்டை ஒத்திகை

— தப்பு. மறுபடியும் தப்பு. ரெண்டு பேரும் ஒரே பதிலைச் சொல்றீங்க.

— சரியான பதில்னா ஒரே பதிலாத்தானே அக்கா இருக்கும்?

— அங்கேதான்டா தம்பி போன தடவை கோட்டை விட்டோம். உன்னை ஃபோன்ல கேட்டாங்க, உன் பொண்டாட்டியை எதிர்ல இருக்கிற விசா ஆபீஸ்ல உக்கார வச்சுக் கேட்டாங்க. நீ “அவளுக்கு மழைன்னா பிடிக்கும், இடின்னா பயம்”னு சொன்னே. இவளும் “எனக்கு மழைன்னா பிடிக்கும், இடின்னா பயம்”னு சொன்னா. ஒரு எழுத்து மாறலை. எந்தப் புருஷன் பொண்டாட்டிடா ஒரு எழுத்து மாறாம பேசுவாங்க? விசாவுக்காகச் சேர்த்து வச்ச ஜோடின்னு முடிவு பண்ணிட்டாங்க.

— அதை எழுதிக் கொடுத்து ஒப்பிக்க வச்சதே நீதானே?

— ஆமா, நான்தான். டியூஷன் எடுத்தே காலத்தை ஓட்டினவ நான். எனக்குத் தெரிஞ்சது மனப்பாடம் ஒண்ணுதான். என்கிட்ட படிச்ச பிள்ளைங்க ஒருத்தர்கூட பெயில் ஆனதில்லை. பெயில் ஆனது என் தம்பியும் தம்பி பொண்டாட்டியும்தான். வெளியே சொன்னா சிரிப்பாங்க.

— அண்ணி, டீ ஆறிடுச்சு. வேற வாங்கிட்டு வரவா?

— நீ எங்கேயும் போகாதே. உக்காரு. ஜன்னல் வழியாப் பாரு, ஆபீஸ் கேட் பக்கத்துல க்யூ நிக்க ஆரம்பிச்சாச்சு. இந்த லாட்ஜ்ல ரூம் போட்டதே பக்கத்துல இருக்குன்னுதான். கூப்பிட்டா ரோட்டைக் கடந்தாப் போதும். அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் நிஜமான புருஷன் பொண்டாட்டி மாதிரி ஆகணும்.

— நிஜமாவே புருஷன் பொண்டாட்டிதானே அண்ணி.

— அது நமக்குத் தெரியும். கவுன்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆபீசருக்குத் தெரியுமா? தம்பி, நீயும் கவனி. இது மறுபரிசீலனை. இதுலயும் இல்லைன்னுட்டா அப்புறம் கதவே கிடையாது. நீ அங்கே, இவ இங்கே. ஃபோன்லயே குடும்பம் நடத்தி ஃபோன்லயே நரைச்சுப் போக வேண்டியதுதான்.

— விடுக்கா. அடுத்ததைக் கேளு.

— சரி. அடுத்த கேள்வி. கடைசியா ரெண்டு பேரும் எதுக்குச் சண்டை போட்டீங்க?

— சண்டையா? அதாவது... நாங்க சண்டையே போட்டதில்லை அக்கா.

— நாங்க சண்டையே போட்டதில்லை அண்ணி.

— பாத்தியா! மறுபடியும்! கல்யாணமாகி மூணு வருஷம் ஆகுது, ஒரு சண்டை இல்லையா? இதைக் கேட்டா நானே விசா கொடுக்க மாட்டேன்.

— எங்கேக்கா நேரம்? கல்யாணத்துக்கு வந்து ஒரு மாசம் இருந்தேன், அதுல பாதி நாள் விருந்துக்குப் போனோம். அதுக்கப்புறம் இப்பதான் வர்றேன். நான் வேலை பாக்கறது குளிர்க் கிடங்கு. உள்ளே போனா ஃபோன் எடுக்காது. கையுறையைக் கழட்டினா விரல் மரத்துப் போயிடும். நான் வெளியே வர்ற நேரம் இவ தையல் கடைக்குக் கிளம்பிடுவா. கிடைக்கிற பத்து நிமிஷத்துல சண்டை போட யாருக்குக்கா மனசு வரும்?

— மனசு வரணும். இப்பவே வரணும். அந்த ஆபீசர் கேள்வியே அப்படித்தான் இருக்கும். “உங்க வீட்டுக்காரர்கிட்ட உங்களுக்குப் பிடிக்காதது என்ன?” நீ என்ன சொல்லுவே?

— பிடிக்காததுன்னு ஒண்ணும் இல்லை அண்ணி.

— சைபர் மார்க். பிடிக்காதது இல்லைன்னா பழக்கமே இல்லைன்னு அர்த்தம். அவன் ஈரத் துண்டைக் கட்டில் மேல போட்டிருக்கான் பாரு. அதுக்குத் திட்டு.

— என்னங்க... துண்டைக் கட்டில்ல போடாதீங்க.

— சரிம்மா, எடுத்துடறேன்.

— இது சண்டையா? பேங்க்ல டோக்கன் வாங்கற மாதிரி இருக்கு! குரலை ஏத்தும்மா. யூனிஃபார்ம் அளவு தப்பாயிடுச்சுன்னு பிள்ளைகளோட அம்மாக்கள் உன் கடையில வந்து கத்துவாங்களே, அப்படிக் கத்து. துண்டு வேண்டாம், வேற ஏதாவது எடு. ஃபோன் பண்றேன்னு சொல்லிட்டுப் பண்ணலைன்னு கேளு.

— அது நிஜமாவே நடந்தது அண்ணி. அதைக் கேக்கலாமா?

— அதைத்தான் கேக்கணும்! நிஜமா நடந்ததா இருந்தா மூஞ்சியிலயே தெரியும். ம், ஆரம்பி.

— என்னங்க. எங்க அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்னைக்கு நீங்க ஏன் ஃபோன் பண்ணலை?

— அதாவது... டியூட்டில இருந்தேன்மா. அன்னைக்கே சொன்னேனே.

— டியூட்டி இல்லை. அன்னைக்கு உங்களுக்கு லீவு. நாள் பூரா லைன்ல இருக்கேன், முகத்தைப் பாத்துட்டே இருக்கலாம்னு முந்தின நாள் நீங்களேதான் சொன்னீங்க.

— சார்ஜ் போயிடுச்சு.

— சார்ஜ் போனா போடறதுக்குச் சுவத்துல பிளக் இல்லையா?

— நல்லா இருக்கு! அப்படியே போங்க! தம்பி, நீயும் பதிலுக்குக் கோபப்படு, திருடன் மாதிரி முழிக்காதே.

— என்னக்கா கோபப்படறது... ஒரு நாள் விட்டுப் போச்சு, மறுநாள் பேசினேனே.

— மறுநாள் பேசினீங்க. மறுநாள் எங்க அப்பா கண்ணு முழிச்சுட்டார். நான் ஆஸ்பத்திரி வராந்தாவுல தனியா நின்னது முந்தின நாள். எங்க அண்ணன் கேக்கறான், மாப்பிள்ளை எங்கேன்னு. சித்தி கேக்கறாங்க, மாப்பிள்ளை பேசினாராம்மான்னு. பேசினார், பேசினார்னு எல்லார்கிட்டயும் பூசி மெழுகினேன். வீடியோ வேண்டாம்ங்க. குரல் மட்டும் போதும்னு மெசேஜ் அனுப்பினேன். குரல் கொடுக்கறதுக்குமா வீடு வேணும்?

— வீடா? இதுல வீடு எங்கே வந்துச்சும்மா?

— அவர்கிட்டயே கேளுங்க அண்ணி. என்னங்க, அன்னைக்கு அந்த வீட்டுச் சாவி கிடைக்கலையா?

— என்னடா இது? எந்த வீட்டுச் சாவி? இது நம்ம ஒத்திகையில இல்லையே.

— நீ... எப்போலேர்ந்து உனக்கு இது தெரியும்?

— என்ன தெரியும்? யாருக்கு என்ன தெரியும்? தம்பி, என் மூஞ்சியைப் பாத்துப் பேசு!

— அண்ணி, கல்யாணம் ஆன புதுசுல ஒரு நாள் வீடியோல பேசிட்டே டீ போட்டார். சர்க்கரை போட ஸ்பூன் வேணும். மேல் டிராயரைத் திறந்தார், அதுல துணி. அடுத்ததைத் திறந்தார், அதுல மருந்து டப்பா. அதுக்கும் அடுத்ததுல தேடிக் கடைசியா விரலை விட்டே கலக்கினார். தன் சமையல்கட்டுல ஸ்பூன் எங்கே இருக்குன்னு தெரியாத ஆம்பிளைங்க நிறைய இருக்காங்க, சரி. ஆனா தனியா இருக்கிறவருக்குக்கூடவா தெரியாது? அப்புறம் நானும் கவனிக்க ஆரம்பிச்சேன். லைட்டு போடணும்னா சுவத்தைத் தடவுவார். வாசல்ல சத்தம் கேட்டா பதறிப் போய்க் கட் பண்ணுவார். சொந்த வீட்டுல யாராவது அப்படிப் பதறுவாங்களா?

— தம்பி. அது உன் வீடு இல்லையா?

— இல்லக்கா.

— பின்னே யாரோடது?

— கூட வேலை பாக்கறவனோட வீடு. அவனும் அவன் சம்சாரமும் வேலைக்குப் போற நேரத்துல சாவி கொடுப்பான். அங்கே போய் உக்காந்து உங்ககிட்ட பேசிட்டு, டம்ளரைக் கழுவி வச்சுட்டு வந்துடுவேன். அன்னைக்கு அவன் ஊருக்குப் போயிட்டான், சாவி கிடைக்கலை. நான் இருந்த ரூம்ல இருந்து பேசியிருந்தா மத்தவங்க சத்தத்துலயே எல்லாம் தெரிஞ்சு போயிருக்கும்.

— எனக்கும் அதே பால்கனியைத்தானேடா காட்டினே! “அக்கா பாரு, சாயங்கால வெயில் நேரா உள்ளே வருது”ன்னு சொன்னியேடா! நான் அதைப் பாத்துட்டு அழுதேன். என் தம்பி தலையெடுத்துட்டான்னு தெருவுல ஒரு வீடு விடாம சொன்னேன்.

— அதனாலதான்க்கா. நீ அழுதுட்டே. அதுக்கப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?

— அப்போ நீ எங்கேதான் இருந்தே?

— ஒரு ரூம்ல நாங்க நாலு பேர். ரெண்டு கட்டில். பகல் டியூட்டிக்காரன் எந்திரிச்சா ராத்திரி டியூட்டிக்காரன் படுப்பான். போர்வைகூட சூடு ஆறியிருக்காது.

— கடவுளே. இதை ஏன்டா கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லலை?

— பொண்ணு பாக்கப் போனப்ப “தனி வீடு, ரெண்டு ரூம், பால்கனி”ன்னு நீதானேக்கா சொன்னே? நான் வீடு பாத்துட்டிருக்கேன்னுதான் உன்கிட்ட சொல்லியிருந்தேன். நீ எடுத்துட்டான்னு சொல்லிட்டே. அவங்க அப்பாவுக்கு எவ்வளவு சந்தோஷம். நான் எதிர்ல உக்காந்து பல்லைக் காட்டிட்டு இருந்தேன்.

— ஓ. பழி என் மேலயா? உனக்கு நல்ல இடத்துல பொண்ணு அமையணும்னு ஒரு வார்த்தை கூடச் சொன்னேன். எந்த அக்காதான் சொல்ல மாட்டா? அந்த ஒரு வார்த்தைக்கு பால்கனி கட்டி, கர்டன் மாட்டி, மூணு வருஷம் நாடகம் போட்டது நீ!

— அண்ணி, கத்தாதீங்க. பக்கத்து ரூம்ல ஆள் இருக்காங்க.

— நீ மட்டும் என்னம்மா? அத்தனை நாளாத் தெரிஞ்சும் வாயைத் திறக்காம இருந்திருக்கே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, “இது யார் வீடுங்க”ன்னு கேட்டிருக்கலாம்ல?

— கேக்க மாட்டேன் அண்ணி. அவரே சொல்லணும்னு இருந்தேன். இன்னைக்குச் சொல்லுவார், இன்னைக்குச் சொல்லுவார்னு ஒவ்வொரு ஃபோனுக்கும் காத்திருந்தேன். நாலு பேர் இருக்கிற ரூம்னு எனக்கு ஒரு நாளும் வருத்தமில்லை. எங்க கடையிலயும் ஒரே பென்ச்சுல அஞ்சு பேர் முழங்கை இடிச்சுக்கிட்டுத்தான் தைக்கிறோம். ஆனா என்கிட்ட மறைக்கணும்னு இவருக்குத் தோணுச்சு பாருங்க, அதான் எரியுது. நான் என்ன, வாடகைக்கு வீடு பாக்க வந்தவளா? கட்டிக்கிட்டு வந்தவ இல்லையா?

— தப்புதான்மா. ஆயிரம் தடவை சொல்ல நினைச்சேன். உன் முகத்தைப் பாத்ததும் வாய் அடைச்சுக்கும்.

— இப்பவும் அந்த நாலு பேர் ரூம்தானா?

— இல்லை. இப்போ தனியா ஒண்ணு எடுத்திருக்கேன். மூணு மாசம் ஆச்சு.

— பொய் சொல்லாதீங்க.

— உன் மேல சத்தியமா. டயர் கடைக்கு மேல ஒரே ஒரு ரூம். படி செங்குத்தா இருக்கும், ஏணியில ஏறற மாதிரி. ஜன்னலைத் திறந்தா ரப்பர் வாசனை. ஒரு மூலையில அடுப்பு வைக்கக் கல்லு போட்டிருக்கு, பக்கத்துல குழாய். மழை பெய்ஞ்சா ஒரு சுவர் மட்டும் ஓதம் ஏறும்.

— அப்புறம்?

— கட்டில் வாங்கலை. கிடங்குல சரக்கு அடுக்கற பலகை உடைஞ்சா தூக்கிப் போட்டுடுவாங்க. சூப்பர்வைசர்கிட்ட கேட்டு எடுத்துட்டு வந்து, ராவித் தேய்ச்சு, நானே ஒரு கட்டில் அடிச்சேன். ஃபோன்ல ஃபோட்டோ இருக்கு. இந்தா, பாரு.

— ஏங்க... இதை எனக்குக் காட்டவே இல்லையே.

— அந்த பால்கனியைக் காட்டிட்டு இதை எப்படிக் காட்டறது? மட்டமா இருக்கும்னு நினைச்சேன்.

— அகலம் எவ்வளவு?

— நாலரை அடி.

— போதும். ரெண்டு பேருக்குத் தாராளமாப் போதும். ஜன்னலுக்குத் துணி இல்லையே? நான் வந்து அளவெடுத்துத் தைச்சுக்கறேன்.

— வந்தாத்தானே தைப்பே! ரெண்டு பேரும் கண்ணைத் துடைங்க, நான் சொல்றதைக் கவனிங்க. தம்பி, அப்ளிகேஷன்ல எந்த அட்ரஸ் கொடுத்திருக்கே?

— அந்த ஃபிரெண்ட் வீட்டு அட்ரஸ்தான்க்கா. ரெண்டு தடவையும் அதேதான்.

— செத்தோம். போன தடவை சொன்னது மொத்தமும் அவங்ககிட்ட பதிவாகி இருக்கும். ரெண்டு ரூம், பால்கனி, நீல கர்டன். இன்னைக்கு நீ போய் டயர் கடை மாடி, பலகைக் கட்டில்னு சொன்னா என்ன கேப்பாங்க? அப்போ போன தடவை சொன்னது பொய்யான்னு கேப்பாங்க. பொய்யின்னு ஒரு தடவை முத்திரை குத்திட்டா தலைகீழா நின்னாலும் திரும்பப் பாக்க மாட்டாங்க. அதனால பழைய வீடுதான். திருப்பிச் சொல்லு, ரெண்டு ரூம், பால்கனி, நீல கர்டன்.

— அக்கா, இவகிட்டயே இப்பதான் ஒத்துக்கிட்டேன். உடனே இன்னொருத்தர்கிட்ட போய் அதே பொய்யா?

— உனக்கு பொண்டாட்டி வேணுமா, வேண்டாமா?

— வேணும்க்கா. வேற எதுக்கு நான் இவ்வளவு தூரம் வந்திருக்கேன்? ராத்திரி அந்தக் கட்டில்ல படுத்தா பாதி காலியா இருக்கு. ஒருத்தனுக்காக நான் அவ்வளவு அகலமா அடிக்கலை.

— அப்போ வாயை மூடிக்கிட்டு நான் சொல்றதைச் சொல்லு. ஒரு அரை மணி நேரம் அந்த வீட்டுல இரு. முத்திரை விழுந்ததும் நீ உன் டயர் கடை மாடிக்கோ, மரத்து மேலயோ கூட்டிட்டுப் போ, நான் கேக்க மாட்டேன்.

— அக்கா சொல்றதும் சரியாத்தான் படுது. என்னம்மா, இந்த ஒரு தடவை... இன்னைக்கு மட்டும் அப்படியே சொல்லிடலாமா?

— மறுபடியும் அந்த வீட்டுக்கே போறீங்க.

— உனக்காகத்தான் போறேன்!

— அன்னைக்கும் எனக்காகத்தான்னு சொன்னீங்க. எனக்காக நீங்க பொய் சொல்லச் சொல்ல, நான்தாங்க உங்களுக்குத் தூரமாப் போயிட்டே இருக்கேன். அங்கே வந்த அப்புறமும் இப்படித்தானா? கிடங்குல அடிபட்டா படியில விழுந்தேன்னு சொல்லுவீங்களா? வேலை போனா லீவுன்னு சொல்லுவீங்களா? நான் ஒவ்வொரு நாளும் டிராயர் டிராயராத் தேடிட்டு இருக்கணுமா?

— கூப்பிடறாங்க போல இருக்கு, வாசல்ல ஆளை உள்ளே விடறாங்க. பைலை எடு தம்பி. நீ தலையை வாரும்மா. சண்டையெல்லாம் வந்து போட்டுக்கலாம். கடைசித் தடவையா கேக்கறேன், உன் புருஷன் வீட்டுல எத்தனை ரூம்?

— அண்ணி, அதைச் சொல்ல முடியாது.

— முடியாதுன்னா? போன தடவை சொன்னேல்ல, அதையே சொல்லு! நான் சொல்லிக் கொடுத்ததுல ஒண்ணுகூட மறக்கலைன்னு வெளியே வந்து நீதானே சொன்னே?

— மறக்கலை. மழை, இடி, டீக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை, எல்லாத்தையும் சொன்னேன். வீட்டைப் பத்திக் கேட்டாங்களான்னு கேட்டீங்க, கேட்டாங்கன்னு சொன்னேன். என்ன பதில் சொன்னேன்னு நீங்களும் கேக்கலை, அவரும் கேக்கலை. ஒப்பிச்சிருப்பேன்னு நீங்களாவே நினைச்சுக்கிட்டீங்க.

— என்னம்மா சொல்றே? இவன் வீட்டைப் பத்தி உள்ளே நீ என்ன சொன்னே?

— “என் வீட்டுக்காரர் இன்னும் அவர் வீட்டை எனக்குக் காட்டலைங்க சார், காட்டின அப்புறம் ரெண்டு பேருமா வந்து சொல்றோம்”னு சொன்னேன்.